தமிழ் வந்த பெட்டியை விற்காதே

ரோஸ்லின்,

"தமிழ் தெரியாத பொட்டி நம்ம கடைக்கு எதுக்குங்க, வித்துத் தொலைங்க" என்றாயே? வந்துவிட்டது தமிழ்! கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸுக்கு இன்டர்நெட்டிலிருந்து ஒரு தமிழ் பேக்கேஜ் இறக்கினேன். அது துணைக்கு இன்னொன்றைக் கேட்டது, அது வேறொன்றை. சம்பந்தி வீட்டார் மாதிரி கேட்டுக்கொண்டே போனாலும் எல்லாமே இலவசம். பேரம் பேச ஆளில்லாமல் எனக்குத்தான் வாய் அரித்தது. திரையில் வேர்க்கடலையை நம்மூர் வழக்கிலேயே "மல்லாட்டை" என்று அடித்து வைத்திருக்கிறேன், பார்.

பிரிண்டருக்கான கடைசி பேக்கேஜ் இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்டர்நெட்டும் நம் போன் லைனில்தான் வருகிறது; முடியும்வரை போனை எடுக்காதே, லைன் அறுந்துவிடும்.

கம்ப்யூட்டரை வாங்க விக்கிரவாண்டி தாண்டவராயன் வருவார். காபி கொடு, பெட்டியைக் கொடுக்காதே. நான் விழுப்புரம் போய் பிரிண்டர் ரிப்பன் வாங்கி வருகிறேன்.

சவரி

பி.கு.: அவர் விலையை ஏற்றினால் நான் மசிந்துவிடுவேன். அதனால்தான் நழுவுகிறேன். நீ மசியமாட்டாய், நேற்று விற்க வேண்டாமென்று கெஞ்சிய என்னிடமே மசியவில்லையே!