ஏரிக்கரையில் தண்ணீர் நேரம்

டிசம்பர் 24, புதன்

நாளை மறுநாள் பிள்ளைகளோடு ஏரிக்கரையில் டென்ட் போட்டுத் தங்கப் போகிறோம். இன்று அந்த இடத்து ஆளுக்குப் போன் செய்து, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று இந்தியில் கேட்டுவிட்டேன். அவன் சிரித்தான். மகளும் சிரித்தாள்.

"யம்மா, ஏரிக்கரைல போயி தண்ணி டைம் கேப்பாவளா?"

தாராவிக்காரி வேறென்ன கேட்பாள்? பதினாறு வருஷமாக நாலரைக்கு எழுந்து குழாயில் பிடிக்கிறேன்.

"அங்கயாவது நல்லா ஒறங்குட்டி" என்றார் இவர்.

எப்படி? நாலரைக்குத் தானாக முழிப்பு வந்துவிடுமே. இருட்டில், டென்டுக்குள், வெறுங்கையோடு உட்கார்ந்து என்ன செய்வது? ஒன்றும் பிடிபடவில்லை.

பையில் சின்னக் குடத்தை வைத்தேன், எடுத்தேன், மறுபடியும் வைத்திருக்கிறேன். காலையில் மகள் பார்ப்பதற்குள் எடுத்துவிட வேண்டும்.