ரங்காத்தாளின் கழுத்து

காதர்பேட்டை, திருப்பூர்
12.8.1964

மதிப்புக்குரிய அக்காவுக்கு லூர்து எழுதுவது. உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகம்.

பனியன் கம்பெனியில் ஓட்டை பார்க்கும் பெண்களுக்கு நான் மேற்பார்வை அல்லவா? அவர்கள் தரையில் அமர்ந்து பனியனை மடியில் விரித்துப் பார்ப்பார்கள். அவர்களில் ரங்காத்தாள் என்பவள் மத்தியானத்துக்கு மேல் ஓட்டைகளைத் தவறவிட்டாள். முதலாளி அவளை வேலையிலிருந்து நிறுத்தச் சொன்னார்.

"கண்ணு நல்லாத்தானுங்க தெரியுது. கழுத்துதானுங்க கல்லுக் கட்டுன மாதிரி இழுக்குது. நீங்கதானுங்களே தலையத் தூக்கக் கூடாதுன்னு சொன்னீங்க!" என்றாள்.

உண்மைதான், அந்தச் சட்டம் என்னுடையது. ஒரு பகல் அவளருகே நானும் குனிந்து அமர்ந்தேன். தலையின் பாரமெல்லாம் கழுத்திலும் தோளிலும் இறங்கியது. மூன்று மணிக்கு எனக்கும் ஓட்டை தெரியவில்லை.

சட்டத்தை நீக்கினேன். குனியாமல் பார்க்க, கான்வென்ட் டெஸ்க் போலச் சாய்வுப் பலகைகள் செய்யச் சொன்னேன்.

"ஏனுங்கம்மா, இதென்ன பள்ளிக்கூடமுங்களா?" என்று முதலாளி சிரித்தார்.

சனிக்கிழமை, ரங்காத்தாள் புதுப் பலகையில் விரித்துப் பார்த்து முடித்த பனியன் கட்டை அவரே பிரித்துப் பார்த்தார். அவள் தவறவிட்ட ஓட்டை ஒன்றுகூட இல்லை. அவளை நிறுத்தும் பேச்சை அத்தோடு விட்டார்.

அன்று குனிந்து அமர்ந்த வலி எனக்கு இன்னும் விடவில்லை; தட்டையான தலையணை ஒன்றும் நீலகிரித் தைலமும் அனுப்புங்கள். தோளுக்குப் பின்னால் என் கை எட்டவில்லை. ரங்காத்தாள் தேய்த்துவிடுவதாகச் சொல்கிறாள். தைலம் வந்ததும் சம்மதிக்கலாம் என்றிருக்கிறேன். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

தங்கை,
லூர்து