அண்ணி இருந்த படம்

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? பத்து நாளாக என் போனை நீங்கள் எடுக்கவில்லை. எடுக்காதது சரிதான். அண்ணனிடம் கேட்டேன். "அவ இப்ப பேசற நிலைமையில இல்ல, கொஞ்ச நாள் விடு" என்றான். பிறகு மனசு கேட்காமல் அவனே எல்லாவற்றையும் சொன்னான். அதனால்தான் கடிதம். வாட்ஸ்அப்பில் எழுதினால் அழித்து அழித்து அழகாக்கிவிடுவேன். மூன்று வரியில் முன்பின் தெரியாதவர்களைக் கலங்க வைப்பதுதானே என் பிழைப்பு. பேனா என்றால் அடித்தது அடித்தபடியே தெரியும். இதில் அடித்தல் நிறைய இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை டிவி பார்த்துக்கொண்டே செய்கிறாள். சீரியலில் மாமியார் வரும்போது மட்டும் கால் வேகமாக நீளுகிறது. "மருமக ஏன் போன் பண்ணல?" என்று தினமும் கேட்கிறாள். அங்கே சிக்னல் சரியில்லை என்று சமாளிக்கிறேன். உண்மையைச் சொன்னால் உங்கள் பக்கம்தான் பேசுவாள். அதைக் கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

நம் வாலு தோழி வீட்டுக்கு விளையாடப் போன இடத்தில், அந்தத் தோழியின் அம்மா, குழந்தைகளின் ஆபரேஷனுக்கு நிதி திரட்டும் எங்கள் அறக்கட்டளையின் பதிவைப் போனில் காட்டி, புருவத்து மச்சத்தை வைத்து "இது நீதானே?" என்று கேட்டாராம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை. படத்துக்குக் கீழே யாரோ "பெத்தவ எங்க போனா?" என்று கேட்டிருந்ததையும், அதற்கு எங்கள் பக்கத்திலிருந்து போன பதிலையும் படித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, "நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப நீ எங்கம்மா போயிருந்த?" என்று உங்களைக் கேட்டிருக்கிறாள். பக்கத்திலேயேதான் இருந்தேன் என்று நீங்கள் சொன்னதற்கு, "போட்டோல இல்லையே" என்றாளாம். அன்றிலிருந்து நீங்கள் கடைக்குக் கிளம்பினாலும் வாசலை மறித்து நிற்கிறாள், பள்ளிக்கூட வாசலில் நீங்கள் இரண்டு நிமிஷம் தாமதித்தால் அழுகிறாள் என்று அண்ணன் சொன்னான். சோபாவிலிருந்து மேசைக்குத் தாவி அந்தப் பெயரை வாங்கினவள், பயந்து நிற்கிறாள் என்று கேட்டபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்தப் படத்தை எடுத்தவள் நான். உங்களுக்குத் தெரியும். மீதி தெரியாது.

அப்போது வாலுவுக்கு நாலு வயது. இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்து மூன்றாவது நாள். நான் மதியம் வந்தபோது நீங்கள் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தபடி, கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது உங்களுக்கு. நான் படம் எடுத்துவிட்டு, நீங்கள் எழுந்ததும் அதைப் பதிவில் போடலாமா என்று கேட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டே, "என் மூஞ்சி கண்றாவியாத்தான் இருக்கும். பரவால்ல, இன்னொரு குழந்தைக்கு உதவும்னா போட்டுக்க" என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தீர்கள். நீங்கள் சம்மதித்தது நீங்கள் இருக்கும் படத்துக்கு.

எங்கள் வேலை எப்படி என்றால், ஒரு பதிவை இரண்டு விதமாகச் செய்வோம். எங்கள் பக்கத்தைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றொன்று. எதைப் பார்த்து அதிகம் பேர் நின்றார்கள், பகிர்ந்தார்கள், உதவினார்கள் என்று கணக்குப் பார்ப்போம். ஜெயித்தது நிற்கும். தோற்றதை அன்று சாயங்காலமே எல்லா இடத்திலிருந்தும் அழித்துவிடுவோம், தவறிக்கூட மறுபடி போய்விடக் கூடாது என்று. எங்கள் பிரிவுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் மீட்டர். எப்போதும் எண்ணிலேயே கண். முழுப் படத்தைப் பார்த்துவிட்டு அவர், "அம்மா பக்கத்துல இருந்தா, 'அதான் அம்மா இருக்காங்களே'ன்னு தள்ளிவிட்டுப் போயிடுவாங்க. குழந்தையை மட்டும் வச்சு இன்னொண்ணு பண்ணு" என்றார். பண்ணினேன். மதியத்துக்குள் அது மூன்று மடங்கு முன்னால் போய்விட்டது. நீங்கள் தோற்றுவிட்டீர்கள் அண்ணி. அறையில் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு கீழே ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். குழந்தையைத் தனியாகப் போட்டுவிட்டுப் போக எப்படி மனசு வந்தது, இவளெல்லாம் ஒரு தாயா என்று. பதிவுக்குக் கீழே சண்டை வலுக்க வலுக்க, அது இன்னும் பல பேர் கண்ணில் படும். அது தெரிந்துதான் நான் உண்மையைச் சொல்லவில்லை. ஒரு பெண் "பெத்தவ எங்க போனா?" என்று எழுதியதற்கு ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டுவிட்டு, அறக்கட்டளையின் பெயரில், "இவளுக்கு நாம்தான் எல்லாம்" என்று பதில் எழுதினேன். வாலு படித்த பதில் அதுதான். எழுதின கையோடு உங்களுக்குப் போன் செய்து, அவள் சாப்பிட்டாளா என்று கேட்டேன். "ஊட்டிக்கிட்டிருக்கேன், கை ஒழியல, அப்புறம் கூப்பிடு" என்று வைத்துவிட்டீர்கள்.

அந்தப் படத்தால் பதினாறு குழந்தைகளுக்கு ஆபரேஷன் நடந்தது என்று மீட்டர் சொல்வார். பொய்யில்லை. சில பேரை நானே பார்த்திருக்கிறேன், ஒருத்தன் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி உடைத்தான். இத்தனை வருஷமும் அந்தக் குழந்தைகளின் முதுகுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தேன். வாலு மரம் ஏற ஆரம்பித்த பிறகும், வருஷா வருஷம் அதே படத்தை மறுபடி போட்டது நான்தான்.

"நாத்தனார்னா ஒரு கொடுமையாவது பண்ண வேணாமா, உன்னைப் பத்திக் குறை சொல்ல எனக்கு ஒண்ணுமே இல்லையே" என்று என்னைக் கிண்டல் செய்வீர்கள். மொத்தமாகச் சேர்த்து வைத்துச் செய்துவிட்டேன். இதை எழுதும்போதே கூசுகிறது.

பதிவை எடுத்துவிட்டேன். எடுப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க அதன் கீழே, "இந்தக் குழந்தையின் அம்மா இந்தப் படத்தில் இருந்தார். நான்தான் வெட்டினேன்" என்று எழுதி வைத்தேன். ஏழு பேர் பார்த்தார்கள். மீட்டர் என்னைக் கொஞ்ச நாள் லீவில் இருக்கச் சொல்லியிருக்கிறார். இதை ஒரு தியாகமாகச் சொல்லவில்லை, அண்ணன் வழியாகக் காதுக்கு வருவதற்கு முன் நானே சொல்கிறேன். ஊர் முழுக்கப் பகிர்ந்து போனதைத் திருப்பி வாங்க என்னால் ஆகாது.

முழுப் படத்தைத் தேடினேன். ஆபீஸ் கம்ப்யூட்டர், பழைய போன், மெயில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இல்லை. சட்டம் போட்டுத் தருகிறேன் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். கடைக்காரர் இழுத்தடிக்கிறார் என்றேன். நான் எந்தக் கடைக்கும் போகவே இல்லை.

இன்னும் ஒன்று. உங்களுக்கு இது தெரிய வழியே இல்லை, நான் சொல்லாவிட்டால். படத்தை எப்படி வெட்டினாலும் உங்கள் வலது கை உள்ளேயே இருந்தது. தூக்கத்திலும் வாலுவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். கையை வெட்டினால் பாதமும் போகும். அதனால் திரையில் பெரிதாக்கி, போர்வையின் நிறத்தை எடுத்து, விரல் விரலாக மூடினேன். ஊசி குத்தி ஒட்டின பஞ்சு உங்கள் முழங்கை மடிப்பில் இருந்தது, அன்று காலை ரத்தம் கொடுத்திருந்தீர்கள். அதையும் மூடினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆக, வாலுவிடம் காட்ட இப்போது படம் இல்லை. அதைப் பார்த்தவர்களில் அவளிடம் வந்து சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே வர அனுமதி கொடுங்கள். நீங்கள் என்னுடன் பேச வேண்டாம், வா என்றுகூடச் சொல்ல வேண்டாம். அவளை எனக்கு எதிரே உட்கார வைத்தால் போதும். யார் அங்கே இருந்தது, எத்தனை நாள் இருந்தது, அந்தக் கையை மூடியது யார் என்று அவளிடம் சொல்கிறேன். ஏன் அத்தை அப்படிப் பண்ணினே என்று கேட்பாள். பதிலை இங்கேயே தயார் செய்து எடுத்து வர மாட்டேன். அவள் என்னைத் திட்டலாம், அடிக்கலாம், இனி வராதே என்று சொல்லலாம். அப்போது, பெரியவங்ககிட்ட அப்படிப் பேசக்கூடாது என்று மட்டும் அவளைத் தடுத்துவிடாதீர்கள் அண்ணி.

வாலு நன்றாக இருக்கட்டும்.

உங்கள் சம்மதத்துக்குக் காத்திருக்கும்,
உங்கள் நாத்தனார்