மன்னர் ஆம்ப்ரோஸும் பொய் ஜன்னலும்

மார்ச் 3
இங்கிலாந்தின் பாத் நகரத்துப் பதினேழு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி, ஒரே அரண்மனையாக வேடம் போட்டு நிற்கும் வரிசை இது. நட்டநடு வீடு என்னுடையது. ஆகவே நானே மன்னன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை தீட்டிப் பிழைக்கும் ஹெஸ்டர், என் தங்கை மகள், மட்டும் மதிப்பதில்லை. குடிவருவதற்காக மாடி அறையைப் பார்த்தாள்.

“ஒரே ஜன்னலா? இது அறையா மாமா, செருப்புப் பெட்டியா? இன்னொண்ணு இருந்தா வரேன். இல்லேன்னா பக்கத்து ஊர் பிரிஸ்டல்ல அறை பார்த்துக்கறேன்.”

இன்னொன்று இருக்கிறதே! தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்: கல்லின் மேல் கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டமும் தீட்டிய பொய் ஜன்னல். ஜன்னல்களை எண்ணி வரி போட்ட அந்தக் காலத்தில், வரிக்குப் பயந்து எவனோ கஞ்சன் அடைத்திருக்கிறான். திறப்பேன்!

மார்ச் 9
பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம் என்பதால், கதவுக்குச் சாயம் மாற்றக்கூட நகராட்சி அதிகாரி கிளிஃபோர்ட் தலையாட்ட வேண்டும். வந்தார்.

“வரிக்காக அடைச்சதுன்னு இந்தத் தெருவுல எல்லாரும்தான் சொல்றாங்க. உள்பூச்சை மட்டும் பேர்த்துப் பாருங்க. பழைய ஜன்னல் சட்டம் இருந்தா அனுமதி.”

மார்ச் 10
உளி தீட்டியாயிற்று. நடுங்கட்டும் சுவர்.

மார்ச் 12
அலமாரியை நகர்த்திப் பூச்சைப் பேர்த்தேன். சட்டம் இல்லை, செங்கல். ஒன்றே ஒன்றை உருவினேன். எரிமலை! நாற்பது மூட்டை கரி என் தலையில். ஓட்டைக்குள்ளிருந்து பக்கத்து வீட்டு டொரோதியாவின் குரல்:

“அடேய் ஆம்ப்ரோஸ்! என் கணப்புல கல்லு விழுது, டீயில கரி மிதக்குது. என்னடா பண்றே?”

அவள் வீட்டுப் புகைபோக்கி இந்தச் சுவருக்குள்தான் ஏறிப் போகிறது. அங்கே ஜன்னல் என்றுமே இருந்ததில்லை. வரிசையின் அழகு குலையக் கூடாதென்று கட்டும்போதே வைத்த வேடம். ஐயோ, ஒரு சுவர் என்னை ஏமாத்திடுச்சே! ஹெஸ்டர்கிட்ட எந்த மூஞ்சியோட சொல்றது?

மார்ச் 14
கொத்தனார் ஓட்டையை அடைத்தார். ஹெஸ்டரிடம் சொல்லிவிட்டேன். சிரித்தாள். பிறகு அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தாள். அசையவே இல்லை.

“மாமா, சூடா இருக்கு! அவங்க விறகு, நம்ம குளிர்காயல். பிரிஸ்டல்ல இது கிடைக்குமா? அந்தப் பொய் ஜன்னல் வெளுத்துப் போச்சு. நானே புதுசா தீட்டறேன்.”

வருகிறாளா? கேட்கப் பயமாக இருந்தது.

ஏப்ரல் 2
தூறலில் கிளிஃபோர்டின் கூச்சல்: “ஐயா! அந்த ஜன்னலைத் திறக்க யார் அனுமதி கொடுத்தாங்க?”

வாசலுக்கு ஓடி அண்ணாந்தேன். பொய் ஜன்னலின் கண்ணாடி பாதி உயர்ந்திருந்தது. திரை காற்றில் வெளியே பறந்தது.

அப்போதுதான் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய ஹெஸ்டர் சொன்னாள்: “மழை உள்ளே வராதுங்க. சாயம் நேத்தே காஞ்சுடுச்சு.”