அத்தான் இழுக்கும் பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. வாசலில் இருக்கும் காவலாளி இதை உன் கையில் கொடுத்திருப்பார். படித்துவிட்டு மேலே வா. நீ வருவதாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

போன கடிதத்தில் என்னைக் கிழி கிழி என்று கிழித்திருந்தாய். "செத்த மனுஷனைக் கிண்ணத்துல வச்சு என்னடா விளையாட்டு? நீ கொட்டலைன்னா நானே வந்து கொட்டுவேன்." நியாயம்தான். ஆனால் ஆபரேஷனில் வெட்டியெடுத்த இதயத்துணுக்கை மனதார எனக்குக் கொடுத்தவர் அத்தான். "எடுத்துக்கோ மச்சான், உங்க அக்காவுக்குக் குடுத்தது போக மிச்சம்" என்று சிரித்தார். அவர் போய் இரண்டு வருஷமாகியும் அந்தச் செல்கள் என் ஆய்வுக்கூடத்தில் உயிரோடு இருக்கின்றன.

என் வேலை உனக்குத் தெரியும். உயிருள்ள செல், கிண்ணத்தில் தான் ஒட்டியிருக்கும் கூழ் போன்ற ஜெல்லைப் பிடித்து இழுக்கும். எவ்வளவு பலமாக, எந்தப் பக்கம் என்று அளப்பேன். பாகம் பிரிக்க உட்கார்ந்த சொந்தக்காரர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுப்பதுதான் வழக்கம். அத்தானுடையவை ஒன்றுவிடாமல் ஜன்னல் பக்கமே இழுத்தன. கிண்ணத்தைத் திருப்பி வைத்தேன். சாயங்காலத்துக்குள் அவையும் திரும்பிவிட்டன. "மேஜை சாஞ்சிருக்கும் சார்" என்றார் உதவியாளர். ரசமட்டம் வைத்துப் பார்த்தோம், சாயவில்லை. ஜன்னல் பக்கம்தான் உன் ஊர் என்று உறைத்தபோது, படித்த முட்டாளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு போன மாதம் ஒரு வாரம் முழுக்க எதிர்ப்பக்கம் இழுத்தன. அந்த வாரம் நீ அந்தப் பக்கம் இருக்கும் மகள் வீட்டில் இருந்தாய் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து பயமாக இருக்கிறது அக்கா.

இன்று காலையிலிருந்து அந்த இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, ரயில் நிலையம் இருக்கும் பக்கத்துக்கு வந்துவிட்டது. நீ நெருங்க நெருங்கப் பலமும் ஏறிக்கொண்டே போகிறது. எந்தச் செல்லும் இப்படி இழுத்து நான் பார்த்ததில்லை. ஓரத்தில் ஜெல் கிழியத் தொடங்கிவிட்டது. முழுக்கக் கிழிந்தால் பிடி விட்டுப்போய் எல்லாம் செத்துவிடும்.

கொட்டுவதென்றால் உன் கையாலேயே கொட்டு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் நீ படியேறும் லட்சணம் எனக்குத் தெரியும். கோபம் வந்தால் முழங்கால் வலியெல்லாம் பறந்துவிடும், இரண்டிரண்டு படியாகத் தாவுவாய். இன்றைக்கு மட்டும் அப்படி வராதே. ஒவ்வொரு படியாக, நின்று நின்று வா. நீ வந்து சேரும்வரையாவது அவர் தாங்க வேண்டும்.

இப்படிக்கு,
கதவைத் திறந்து வைத்திருக்கும்
தம்பி