ரன்னும் ஸ்டார்ட்டும்

ஜூன் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குண்டசாலை பஸ்ஸில் நின்றே வந்தேன். குடை கிழிந்தது.

வெள்ளிக்குள்: கிளினிக் திரை. ரிஸ்னாவின் அறிக்கை. குடை.

ரிஸ்னா திகன ஊர்ப் பிள்ளை, எங்கள் சொப்ட்வெயார் கம்பனிக்கு வந்து மூன்று மாதம். நான் நல்லதாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீடு.

திரையில் மூன்று டாக்டர் அறைகளின் நோயாளி நம்பரும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். அறைக்கு ஒரு த்ரெட், தனித்தனியே ஓடும் புரோகிராம் துண்டு. முதலாம் அறை மட்டும் ஓடுகிறது, மற்ற இரண்டும் பூச்சியம். திரையை எழுதியது ரிஸ்னா. பிறகென்ன? சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டத்தான் லாயக்கு.

ஜூன் 5, புதன்

வெயில். தேநீர் வெறும் சுடுதண்ணீர். மனேஜர் சேர் எட்டிப் பார்த்து, எல்லாம் சரிதானே என்பதைச் சிங்களம் கலந்து, "ஹரி தானே?" ஹரியாம்! ஜாவா என்ற புரோகிராம் மொழியைக் கோப்பி என்று நினைக்கிற மனுசன்.

ரிஸ்னா வந்தாள். "மிஸ், பிழை திரையில இல்ல. த்ரெட்டைத் தொடங்குற பழைய பகுதியில ரன் போட்டிருக்கு. ஸ்டார்ட் போடணும்."

"ரன்னுன்னா ஓடுறதுதானே?"

"ஆளைக் கடைக்கு அனுப்பாம நாமளே போற மாதிரி மிஸ். முதலாம் அறை வேலைக்கு முடிவே இல்ல. நாம அங்கயே நின்னா மத்த ரெண்டு பேரை யாரு அனுப்புறது?"

எட்டு வருசமாக இந்தக் கதிரையில் இருக்கிற எனக்குக் கடைக் கதை! "போய் உன் வேலையப் பாரு" என்றேன். பக்கத்து மேசையில் சிரிப்பு. அவளுக்கு நல்லா வேணும்.

அறிக்கை: 'அடிப்படை அறிவு போதாது. வாய் அதிகம்.' இரண்டாவதை அழித்துவிட்டு அனுப்பினேன்.

ஜூன் 6, வியாழன்

மழை. குடை இன்னும் வாங்கவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அவள் சொன்னது பிழை என்று காட்டவே ரன்னை அழித்து ஸ்டார்ட் போட்டேன். மூன்று அறை நம்பரும் ஓடின.

சனியன்.

அந்த ரன்னைப் போட்டது யார் என்று பழைய பதிவுகளில் தேடினேன். என் பெயர்.

சேரிடம் ஓடினேன். "ரிஸ்னாட அறிக்கை..."

"வேலைய நிப்பாட்டுற கடிதம் காலையிலயே குடுத்தாச்சு. ஏன்?"

"சும்மா கேட்டேன் சேர்."

அவள் மேசை துடைத்துக் கிடந்தது.

ஜூன் 7, வெள்ளி

கிளினிக்கில் திரை ஓடியது. டாக்டர்மார் கைதட்டினார்கள்.

"எப்படிப் பிடிச்சீங்க?" என்று சேர் கேட்டார்.

"ஆளைக் கடைக்கு அனுப்புற மாதிரி சேர்" என்று ஆரம்பித்து முழுவதும் சொன்னேன். என் கதை போலவே. வெட்கங்கெட்டவள் நான்.