திங்கட்கிழமைக் கோழி

என் ஆசை நைனாவுக்கு,

கல்லறைக்கு வரும்போது இதையெல்லாம் உன்னிடம் சொல்ல முடிவதில்லை. அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். மெழுகுவத்தி காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். வாயால் சொல்வதைவிட எனக்கு இது சுலபம்.

விஷயம் கோழிக்கறி. சிரிக்காதே.

நீ போன பிறகு ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டேன். முதலில் அம்மாவோடு மீன் கடையில் உட்காரத்தான் பார்த்தேன். வருகிறவர்கள் விலை கேட்டால் எனக்குக் குரலே வரவில்லை. "இன்னாமா, உன் பொண்ணு ஊமையா?" என்று ஒருவர் கேட்ட அன்றைக்கே அம்மா என்னை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். இப்போது ராயப்பேட்டையில் ஒரு தையல் கடையில் பிளவுஸுக்கு ஹூக் கட்டுகிறேன், ஹெம்மிங் போடுகிறேன். அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஆனால் காலையில் போனால் இருட்டின பிறகுதான் பட்டினப்பாக்கத்துக்குத் திரும்புகிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை வந்துவிட்டது, நைனா. ஒரு நாள் மதியம் மீன் பலகை மேலேயே சாய்ந்துவிட்டாள். ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். "மாத்திரையப் போட்டுக்கிட்டு பட்டினி கெடந்தா இப்படித்தாம்மா ஆவும். அடுத்த தடவ எழுந்திருப்பியான்னு நான் சொல்ல முடியாது" என்று டாக்டர் அவளைத் திட்டினார். முட்டையோ கறியோ சேர்த்து மதியம் நேரத்துக்குச் சாப்பிட வேண்டுமாம். மீன் அம்மாவுக்கு இறங்காது. விடிந்ததிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு எப்படி இறங்கும்? முட்டையைப் பார்த்தாலே குமட்டுகிறது என்கிறாள். மிச்சம் இருப்பது கோழிதான்.

தினமும் கோழி சமைக்க எனக்கு நேரம் ஏது? ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் செய்து ஃபிரிட்ஜில் வைத்து, புதன்கிழமை வரைக்கும் ஓட்டலாம் என்று பார்த்தேன். ஆமாம், நம் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்துவிட்டது. தையல் கடை அக்கா புதிது வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்தார். கதவு நிற்காது, கயிறு போட்டுக் கட்ட வேண்டும். போனில் ஒரு பெண் இதற்கு மீல் பிரெப் என்று பெயர் சொல்கிறாள். வரிசையாகக் கண்ணாடி டப்பா, அதில் கோழி, ஒரு வாரத்துக்கு நிம்மதி என்று சிரிக்கிறாள். அவள் வீட்டில் யார் அதைச் சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் காட்டவே மாட்டேன் என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோழி நன்றாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை அதற்கு என்ன பேய் பிடிக்கிறதோ தெரியவில்லை. மூடியைத் திறந்தால் ஒரு பழைய வாடை. வாயில் போட்டால் நார். செவ்வாய்க்கிழமை அது கறியா கயிறா என்றே சந்தேகம் வரும். டப்பா போனபடியே திரும்பி வந்துவிடும்.

"இன்னாமா, அப்படியே கீது?"

"பசிக்கலடி."

"மாத்திர போட்டியா?"

"போட்டேன், போட்டேன்."

"அப்ப துன்னணும் இல்ல?"

"வுடுடி. நாளைக்குத் துன்றேன்."

இதே பேச்சுதான் தினமும். நான் என்னவெல்லாம் செய்து பார்த்தேன் தெரியுமா? எலுமிச்சம்பழம் பிழிந்தேன். தேங்காய்ப்பால் ஊற்றினேன். சிக்கன் 65 பொடியில் புரட்டி எண்ணெயில் போட்டேன், மரக்கட்டை மாதிரி வந்தது. முட்டை இல்லாமல் ஃபிரைடு ரைஸ் செய்தேன். ஒருவேளை கையைக் கழுவ அலுத்துக்கொள்கிறாளோ என்று ஸ்பூன் வைத்து அனுப்பினேன். "எலும்பக் கூடவா ஸ்பூனால கடிப்பாங்க?" என்று கேட்டுவிட்டு ஸ்பூனையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாள். தெருப் பூனைகள் மட்டும் நன்றாகத் தேறிவிட்டன.

என் எரிச்சல் எல்லாம் உன் மேல்தான் திரும்பியது. நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கோழி உன் கைவேலை. மறுநாளும் அதைத்தான் அம்மாவுக்குக் கொடுத்து அனுப்புவாய். டப்பா வழித்துத் துடைத்த மாதிரி காலியாக வரும். ஃபிரிட்ஜே இல்லாத வீட்டில் அது எப்படி நடந்தது? ராத்திரி ஒரு தடவை, காலையில் ஒரு தடவை சட்டியோடு கொதிக்க வைப்பாய். நானும் அதையேதான் செய்கிறேன். கொதிக்க வைத்து, ஆற வைத்து, ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்து மறுபடியும் கொதிக்க வைக்கிறேன். நீ வேறு என்ன போட்டாய்? மிளகா? சோம்பா? ஏன் யாரிடமும் சொல்லாமல் போனாய்?

போன வாரம் திங்கட்கிழமை தையல் கடைக்கு லீவு. மதியம் நானே டப்பாவை எடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனேன். நின்று சாப்பிட வைத்துவிட்டுத்தான் திரும்புவது என்ற முடிவோடு போனேன். பக்கத்துக் கடை சகாயமேரி அத்தை என்னைப் பார்த்துவிட்டாள். அத்தையின் குரல் சாந்தோம் கோயில் வரைக்கும் கேட்கும், உனக்குத் தெரியும்.

"இன்னாடி ஸ்டெல்லா, அதிசயமா கீது! டப்பாவ தூக்கிக்கினு வந்துட்டே?"

"அம்மா சாப்பிட மாட்டேங்குது அத்தை."

"எப்படிடி துன்னுவா? அவ கையப் பாரு. காலைலேர்ந்து வஞ்சிரம் வெட்டிக்கினு கீறா. அந்தக் கைய சோத்துல வெச்சா சோறும் மீனாப் பூடும். உங்க நைனா இருந்தப்ப கரைலேர்ந்து ஓடியாருவாரு. தோ, இந்த ஐஸ் பெட்டி மேல குந்திக்கினு ஊட்டி வுடுவாரு. மகாராணி வாயத் தொறப்பா. நாங்கல்லாம் சிரிப்போம்."

"ஏய், சும்மா கெட" என்றாள் அம்மா. தலையை இன்னும் கீழே குனிந்துகொண்டு, ஏற்கெனவே சீவிய மீனையே மறுபடியும் செதில் சீவினாள்.

நைனா, அடுப்படியில் நான் தேடிக்கொண்டிருந்தது ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்திருக்கிறது. நீயும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குள்ளேயே இதற்கெல்லாம் என்ன வெட்கம் உங்களுக்கு?

வேறு வழி தெரியாமல் நானும் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தேன். சங்கரா மீன் வாங்க வந்த ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். காது சுட்டது. ஒரு துண்டைப் பிய்த்து, சோற்றோடு உருட்டி, அம்மாவின் வாயில் வைத்தேன். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். பைக்கில் வந்தவர் மீனை வாங்கிக்கொண்டு போயே விட்டார்.

"எப்படிமா கீது?"

"ரப்பரு."

அத்தை கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நைனா மாதிரிதானேமா சுட வெச்சேன்?"

"அது மட்டும் இன்னா? அதுவும் ரப்பருதான். ஆசையா ஊட்டுற மனுசன் மூஞ்சியப் பாத்துக்கினே துப்ப முடியுமா? முழுங்கிட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் டப்பாவைக் கடலில் எறிந்திருப்பேன். இல்லாத ஒரு ருசிக்காகவா இத்தனை மாதம் அம்மியும் மிக்சியுமாக மாரடித்தேன்? "அப்ப ஏம்மா சொல்லல? நீ மறுபடி உழுந்தா நான் இன்னா பண்ணுவேன்? எனக்கு வேற யாரு கீறாங்க?" என்று கத்திவிட்டேன். கடை வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. விலை சொல்ல வராத குரல் அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது, நைனா?

அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"மீன்காரி பொண்ணுதானடி நீ? சங்கராவ ரெண்டு தபா கொதிக்க வுடுவியா? கொழம்பு கொதிச்சப்புறம்தானே மீனப் போடுவே? கோழின்னா மட்டும் இன்னா, உசுரோட எழுந்து ஓடிடும்னு பொழுதன்னிக்கும் அடுப்புல ஏத்துறே?"

நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மீன் குழம்பு வைப்பதைப் பார்த்தவள் நான். ஒரு கொதி கூடினால் மீன் கெட்டுவிடும் என்று கரண்டியைக்கூடப் போடாதவள், கோழி என்று வந்தால் மட்டும் உன் வழியை விடமாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறேன். நீ கொதிக்க வைத்தது கெட்டுப்போகாமல் இருக்க. என்னிடம் ஃபிரிட்ஜ் இருந்தது. பிறகு எதற்குக் கொதிக்க வைத்தேன்? நீ செய்ததைச் செய்தால் நீ இருக்கிற மாதிரி இருக்கும் என்றா?

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, கறி வெந்ததும் துண்டுகளை எடுத்துவிட்டேன். ஆறினதும் எலும்பை நீக்கி, பிய்த்து ஒரு டப்பாவில் வைத்தேன். குழம்பை வேறு டப்பாவில் வைத்தேன். இன்று காலை, இன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்தேன். புதிதாகச் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வதக்கி, அதில் கொஞ்சம் குழம்பை ஊற்றிச் சுண்டவிட்டேன். மிளகைத் தட்டிப் போட்டேன். கொதி நன்றாக அடங்கிக் கெட்டியானதும் கறியைப் போட்டு, இரண்டு புரட்டுப் புரட்டி, அது சூடேறினதும் அடுப்பை அணைத்து மூடினேன். பழைய வாடை இல்லை. நாரும் இல்லை.

ஊட்டிவிட உன்னைப்போல் மதியம் என்னால் ஓடி வர முடியாது. அதனால் சப்பாத்தியில் வைத்துச் சுருட்டி, மேலே வாழையிலை சுற்றி நூலால் கட்டினேன். இலையைப் பிடித்துக்கொண்டே கடிக்கலாம். கை சாப்பாட்டில் படாது.

இன்று முழுக்க ஹூக்கை மாற்றி மாற்றிக் கட்டி அக்காவிடம் திட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்தபோது அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். டப்பா கழுவிக் கவிழ்த்திருந்தது. நான் கேட்கவில்லை. அவளே முறைத்தாள்.

"ஒண்ணுதான் வெச்சியா?"

"ஏன்மா?"

"அந்த சகாயம் பாதியப் பிச்சிக்கினு பூட்டா. எனக்கு எங்க பத்துது?"

உன் மேல் இருக்கும் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, நைனா. ஆனால் இது சத்தியம்: நாளையிலிருந்து மூன்று சுருட்டி அனுப்புவேன். இரண்டு அம்மாவுக்கு, ஒன்று அத்தைக்கு. ரப்பராக இருந்தால் ரப்பர் என்று என் முகத்துக்கு நேராகத் துப்பச் சொல்லியிருக்கிறேன். இனி ஒரு மதியமும் அம்மாவைப் பட்டினி கிடக்க விடமாட்டேன்.

உன்னோடு சண்டை போட இன்னும் நிறைய பாக்கி வைத்திருக்கும்
உன் ஒரே பொண்ணு,
ஸ்டெல்லா